உழைக்கும் தசை

(நாமக்கல்லை அடுத்த சிற்றூரொன்றில் மகளிர் குழுவினரிடையே ஆற்றிய உரை)



குடத்தைத் தூக்கும்பொழுது நம் முழங்கையை மடக்குவது மேற்கையின் முன்புறத் தசை. அம்மிக் குழவியைத் தள்ளும்பொழுது கையை நீட்டுவது பின்புறத் தசை. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவேதான் எலும்புகளின் இருபுறமும் அவை இணை இணையாக அமைந்துள்ளன.

தசையினுள் மெல்லிய நார்கள் கட்டுக் கட்டாக உள்ளன. அந்நார்களிலுள்ள நுண்ணிய புரத இழைகள் ஒன்றினூடே ஒன்று நழுவுவதால் தசை சுருங்குகின்றது. இவ்வுண்மையை 1954-இல் இரு விஞ்ஞானக் குழுவினர் தனித்தனியே எடுத்துரைத்தனர்.

நம் கோழியையே பாருங்கள். அதன் மார்புத் தசை வெளுத்தும் தொடைத் தசை சிவந்தும் இருக்கும். நெடுநேரம் நின்றும் நடந்தும் உழைக்கும் தசையில் பிராணவாயுவைச் சேமிக்கும் செந்நிறப் பொருள் மிகுதி.

வயது ஏற ஏறத் தசை மெலிகின்றது. முதியோர் இடறி விழுவதற்கு இஃதொரு முக்கிய காரணம். உடலுழைப்பும் புரத உணவும் அம்மெலிவைத் தாமதப்படுத்தும். முதியோர் நாற்காலியிலிருந்து பலமுறை எழுந்து அமர்ந்து பழக நாம் துணை நிற்போமாக.

முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. முட்டை உண்ணாதார்க்குப் பருப்பும் பாலும் உள்ளன. நம் நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாக முட்டை வெளியூர் செல்கின்றது. நம் வீட்டுப் பாட்டியின் தட்டில் ஒன்றேனும் உண்டா என்று இன்றே பார்ப்போமாக!