நாற்பது வாழ்த்து அட்டைகள்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆறாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பொங்கலுக்கு முன் வாழ்த்து அட்டை செய்வது எல்லாப் பள்ளிகளிலும் நடப்பதுதான். ஐந்து அட்டை என்றால் அழகாக வந்துவிடும். நாற்பது என்றால்தான் தலை சுற்றும். முதல் ஆண்டு என் பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையிலிருந்து சார்ட்டை வெட்டினார்கள். எட்டு சார்ட் தீர்ந்து, இருபத்தாறு அட்டைதான் தேறியது.

அப்புறம்தான் சார்ட்டை அளந்து பார்த்தேன். 22 × 28 அங்குலம். அட்டையின் அளவை நாம் முடிவு செய்யக் கூடாது, தாளிலிருந்து எடுக்க வேண்டும் என்று புரிந்தது. 22 அங்குலப் பக்கத்தைப் பாதியாக மடித்து வெட்டினால் இரண்டு பட்டைகள். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பாதி, மறுபடியும் பாதி மடித்து வெட்டினால் 11 × 7 அளவில் எட்டுத் துண்டுகள். துண்டை நடுவில் மடித்தால் ஐந்தரைக்கு ஏழு அட்டை. ஐந்து சார்ட்டில் நாற்பது. துளியும் வீணில்லை, அளவுகோலும் வேண்டாம். பின்னம் நடத்தும் நாளில் இதைச் செய்தால் கணக்குப் பாடமும் அதிலேயே முடிந்துவிடும். மடிக்கும் முன் மை தீர்ந்த பேனாவால் நடுக்கோட்டை அழுத்தி இழுக்கச் சொல்லுங்கள், மடிப்பு வெடிக்காது.

அடுத்தது, பரிசுப் பொருள் சுற்றும் பூப்போட்ட தாள். நான் வாங்கியது 20 × 28. அகலத்தை நான்காகவும் நீளத்தை எட்டாகவும் மடித்தால் 5 × 3½ அளவில் 32 துண்டுகள். மடிப்புத் தடம் வெட்டும் கோட்டிலேயே விழுவதால் துண்டின் நடுவே தெரியாது. அட்டையின் மேல்பாதியில் ஒட்டினால் மூன்று ஓரத்திலும் கால் அங்குலம் இடம் நிற்கும். கீழ்ப்பாதி அவர்கள் வரைவதற்கு. ஆனால் உருவம் போட்ட தாளில் மேல், கீழ் பார்த்து மடியுங்கள். நான் பார்க்கவில்லை, 32 யானைகளும் படுத்துக்கொண்டன!

பசையை ஓரத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவி, பழைய அட்லஸ்களின் அடியில் வைத்தால் தாள் சுருங்காது.

இரண்டாம் ஆண்டு வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். வெட்ட ஒரு குழு, மடிக்க ஒரு குழு, ஒட்ட ஒரு குழு. ஒரே பாடவேளையில் நாற்பதும் முடிந்தன. எனக்கு ஒரே பெருமை. நாற்பதுக்கும் பசை மட்டுமே தடவிய பிள்ளை வந்து, "இதுல என் அட்டை எது டீச்சர்?" என்று கேட்டாள். ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. மாலையில் அது பெஞ்சிலேயே கிடந்தது.

அதனால் இப்போது வெட்டுவதும் மடிப்பதும் மட்டுமே கூட்டு வேலை. தாளைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து எல்லாம் அவரவர் பாடு. ஒரு பாடவேளை கூடுதலாகிறது, ஆகட்டும். உள்ளே எழுத ஏ4 தாளை நான்காக்கித் தனியாகக் கொடுத்துவிடுகிறேன். எழுத்து பிழைத்தாலும் அட்டை போகாது. திருத்தி எழுதியதை உள்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். கரும்பலகையில் வாசகம் எழுதிப் போடுவதையும் நிறுத்திவிட்டேன். யாருக்கு அட்டை என்பதை மட்டும் முதலில் கேட்கிறேன். போன பொங்கலுக்கு ஒரு பையன் சத்துணவு சமைக்கும் அக்காவுக்கு எழுதினான். "அன்னைக்கு ரெண்டாவது தடவையும் புளிசாதம் வச்சதுக்கு நன்றி அக்கா." அதில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. நான் திருத்தவில்லை. அந்த அட்டை இன்னும் சமையலறையில் உப்பு டப்பாவுக்குப் பின்னால் நிற்கிறது.

இரண்டு பூத்தாளில் 64 துண்டு. நாற்பது போக 24 மீதம். கொண்டு வந்திருக்கிறேன். வேண்டியவர்கள் தேநீர் இடைவேளையில் வாங்கிக்கொள்ளலாம். யானைத் தாளும் இருக்கிறது.