மணவிழாக் கேக்கும் மாதர் கைத்தொழிலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மாதர் பிரிவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



மணவிழாக் கேக் செய்யும் கலையைப் பற்றி மாதர் பிரிவினர் பேசுவர் என்று அறிவிக்கப்பட்டதும், முன்வரிசையில் அமர்ந்துள்ள பெரியவர்கள் சிலர் புன்முறுவல் பூத்ததைக் கண்டோம். அதிரசமும் முறுக்கும் சுடத் தெரிந்த கைகளுக்கு இஃது எதற்கு என்பது அப்புன்முறுவலின் பொருள். அதற்கு விடை கூறுவதே எங்கள் நோக்கம்.

கொல்கத்தா நகருக்குக் கேக் புதுமையன்று. 1874 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற நியூ மார்க்கெட்டையும், 1902 இல் தொழில் தொடங்கிய யூதக் குடும்பத்தாரின், அங்குள்ள நாஹூம் கடையையும் அறியாதார் இந்நகரில் அரியர். கிறிஸ்துமஸ் நெருங்கினால், தால்தலாப் பகுதியிலுள்ள விறகடுப்பு பேக்கரிகளுக்கு வெண்ணெயையும் முட்டையையும் உலர்பழங்களையும் வீட்டாரே சுமந்து சென்று, கண்முன் கலந்து சுட்டு வாங்கி வரும் வழக்கமும் இங்கு உண்டு.

தெற்கேயும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. தலைச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவரிடம், 1883 ஆம் ஆண்டு மர்டாக் பிரவுன் என்னும் தோட்ட உரிமையாளர் இங்கிலாந்திலிருந்து வந்த கேக் ஒன்றைக் காட்டி, இதைப் போல் செய்து தருக என்றாராம். பாப்பு அச்சினைக் கொல்லரிடம் வடித்து வாங்கி, பிராந்திக்குப் பதில் உள்ளூர்ப் பழச்சாராயத்தைச் சேர்த்துச் செய்து கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. அயல்நாட்டுப் பண்டமும் நம் கைப்பட்டால் நம் மண்ணின் மணத்தை ஏற்கும் என்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

நம் காலனியைச் சேர்ந்த நாங்கள் ஐவர், அண்டைத் தெருவில் வாழும் ஆங்கிலோ இந்திய அம்மையார் ஒருவரிடம் ஓராண்டுக் காலம் இக்கலையைப் பயின்றோம். அவர் முதல் நாள் எங்கள் முன் வைத்தது முட்டையன்று, மாவன்று, ஒரு தராசு. நாமோ கையளவும் கண்ணளவுமாகச் சமைத்துப் பழகியவர்கள். “உப்புப் போட எந்தத் தாய் தராசைத் தேடுகிறாள்?” என்று எங்களுள் ஒருவர் கேட்டே விட்டார். அம்மையார் சிரித்துவிட்டு, அன்று எங்கள் விருப்பப்படியே செய்யவிட்டார். அடுப்பிலிருந்து வெளிவந்தது நடுவில் குழி விழுந்த ஒரு கட்டி. குழம்பில் உப்புக் குறைந்தால் பின்னர்ச் சேர்க்கலாம்; அடுப்பினுள் சென்றுவிட்ட கேக்குக்கு எதனையும் சேர்க்க இயலாது. அன்று முதல் தராசை நாங்கள் இகழ்ந்ததில்லை.

பழைய பவுண்டு கேக்கின் இலக்கணம் எளிது. மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஆகிய நான்கும் ஒவ்வொரு ராத்தல், அதாவது ஏறத்தாழ 454 கிராம். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கும் வரை அடிக்கும்போது காற்று நுண்குமிழிகளாக அதனுள் அடைபடுகிறது. அக்குமிழிகள் சூட்டில் விரிவதாலேயே கேக் எழும்புகிறது. குளிர்ந்த முட்டையை அவசரமாகக் கொட்டினால் கலவை திரிந்து, பிடித்து வைத்த காற்று வெளியேறிவிடும்.

மணவிழாவுக்குரியது பழக்கேக். உலர்திராட்சை முதலியவற்றை நறுக்கி ரம்மிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ ஊற வைத்து, ஏறத்தாழ 150 பாகை வெப்பத்தில் நிதானமாகச் சுடவேண்டும். பத்து அங்குலக் கேக்குக்கு நான்கு மணி நேரம் கூட ஆகலாம். மின்னடுப்பின் குமிழ் காட்டும் எண்ணை நம்பலாகாது. எங்கள் அடுப்பொன்றில் குமிழ் 150 என்று காட்ட, உள்ளே வைத்த வெப்பமானியோ 175 காட்டிற்று. பாத்திரத்தின் அளவிலும் கண் ஏமாற்றும். ஆறு அங்குலப் பாத்திரத்துக்கும் பத்து அங்குலப் பாத்திரத்துக்கும் வேறுபாடு நான்கே அங்குலம் என்று தோன்றும். உயரம் ஒன்றாயினும் பின்னது முன்னதைப்போல் இரண்டே முக்கால் மடங்கு கலவையைக் கொள்ளும்.

சுட்ட கேக்கின்மீது பழப்பாகு தடவி, மார்சிபான் என்னும் பருப்பு விழுதைப் போர்த்த வேண்டும். மேனாட்டார் இதற்கு வாதுமையைக் கொள்வர். நம் நாட்டிலோ முந்திரிப் பருப்பைக் கொள்வோர் பலர். இவ்விடத்தில் எங்கள் ஐவருள் ஒரு சகோதரி ஆசானானார். அவர் வீட்டில் முட்டை புழங்குவதில்லை. ஆகவே மாவு கலக்கும் வேலையினின்று ஒதுங்கியே நின்றார். ஆயினும் பாகு கொதிக்கையில் கம்பிப் பதம் அறிவதிலும், முந்திரி விழுது பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும் கணத்தைக் காண்பதிலும் அவருக்கு இணை எவருமிலர். தீபாவளிதோறும் முந்திரி கேக் கிளறிய கையன்றோ! வங்காளத்துச் சந்தேஷ் அச்சுகளில் அவ்விழுதை அழுத்தி, இலையும் சங்குமாக அவர் எடுத்து வைத்தபோது எங்கள் ஆசிரிய அம்மையாரே வியந்தார். சர்க்கரை மாவைக் காகிதம்போல் தேய்த்து, இதழிதழாக ரோஜா மலர்கள் செய்வதும் அவர் பொறுப்பாயிற்று.

சென்ற ஆண்டு ஆவணியில், நம் காலனியிலேயே வாழும் கிறித்தவத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மணமகளின் தாயார் எங்களை நாடி வந்து, “கடைக்காரர் சொல்லும் விலை எங்களுக்குக் கட்டாது, அக்கா. நீங்கள் செய்து தரக்கூடாதா?” என்று கேட்டார். பத்து அங்குலமும் ஆறு அங்குலமுமாக ஈரடுக்குக் கேக் செய்து தர இசைந்தோம்.

ஆவணி மாதத்துக் கொல்கத்தாவின் ஈரக்காற்றை நீங்கள் அறிவீர்கள். வெண்கருவும் பொடித்த சர்க்கரையும் சேர்ந்த ராயல் ஐசிங் உலர மறுத்தது. பச்சை வெண்கருவினால் நோய்க்கிருமி பரவக் கூடுமாகையால் பதப்படுத்திய வெண்கருத் தூளையே கொண்டோம். கிண்ணத்தில் துளி எண்ணெய்ப் பசை இருப்பினும் ஐசிங் நுரைக்காது, அதனையும் காத்தோம். ஆயினும் மழையை என்செய்வது? குளிர்சாதன வசதியுள்ள அறையை ஓர் அண்டை வீட்டார் தந்து உதவினர். சர்க்கரை மலர்களை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வைத்தோம். அவற்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்ததும் பனித்துளி படிந்து தலைசாய்ந்துவிடும்.

திருமணத்துக்கு முந்திய இரவு அடுக்கின்மேல் அடுக்கை ஏற்றினோம். ஒரு மணி நேரத்துக்குள் மேலடுக்கு ஒருபுறம் சாய்ந்து, கீழடுக்கின் வெண்பரப்பில் விரிசல் ஓடியது. எங்கள் நெஞ்சிலும் விரிசல் ஓடிற்று. 1947 ஆம் ஆண்டு எலிசபெத் இளவரசியாரின் திருமணக் கேக் ஒன்பது அடி உயரமும் 500 ராத்தல் எடையும் கொண்டிருந்தது என்று படித்து வியந்தவர்கள் நாங்கள். சுமையைத் தாங்குவது கேக் அன்று, உள்ளே மறைந்து நிற்கும் தாங்கிகள் என்னும் பாடத்தை ஏட்டில் படித்தும் அவசரத்தில் கைவிட்டோம். இரவு பதினொரு மணிக்கு அம்மையாரை எழுப்பினோம். அவர் கடியவில்லை. மேலடுக்கை இறக்கி, அதனடியில் அட்டை வைத்து, கீழடுக்கின் உயரத்துக்குச் சரியாக வெட்டிய ஐந்து மரக்குச்சிகளை உள்ளே இறக்கச் செய்தார். விரிசலின்மேல் சகோதரி தம் ரோஜா மலர்களைப் படரவிட்டார். மறுநாள் மணமக்கள் கேக்கை வெட்டியபோது அதனைப் புகழாதவர் இல்லை.

பெரியோர்களே! கதை இத்துடன் முடிந்திருந்தால் இம்மேடைக்கு நாங்கள் வந்திரோம்.

செலவுக் கணக்கு எழுதினோம். வெண்ணெய், பழம், முந்திரி, அட்டை, மின்சாரம் ஆகிய அனைத்தையும் எழுதினோம். அத்தொகையை மணமகளின் தாயார் உடனே தந்து, ஆளுக்கொரு பழத்தட்டும் அளித்தார். மகிழ்ந்து வீடு திரும்பினோம். சில வாரங்களுக்குப் பின்னரே தெரிய வந்தது: ரோஜா மலர்கள் செய்த சகோதரியின் கணவர் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டு நான்கு மாதங்களாகியிருந்தன. அவர் மலர் செய்த அந்நாட்களில்தான் கைவளையல்கள் அடகுக்குச் சென்றிருக்கின்றன. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். “எல்லாரும் சேர்ந்து செய்யும் வேலைக்கு நான் மட்டும் கூலி கேட்டால் நன்றாயிருக்குமா, அக்கா?” என்றார்.

எங்களுக்கு நாணமாயிற்று. அன்று அமர்ந்து மணிக்கணக்கை எழுதினோம். பழம் நறுக்க 5 மணி, கலந்து சுட 7, மார்சிபானுக்கு 4, ஐசிங்குக்கு 7, மலர்களுக்கு 15, அடுக்கவும் செப்பனிடவும் 3, ஆக 41 மணி நேரம். அதில் ஏறத்தாழச் சரிபாதி அச்சகோதரியுடையது. சர்க்கரையைக் கிராம் பிசகாமல் நிறுத்த நாங்கள், அவருடைய உழைப்பைத் தராசில் ஏற்றவே இல்லை. இக்கணக்கை மணமகளின் தாயாரிடம் காட்டியபோது அவரும் வருந்தினார். “முன்பே சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேனே! கேட்டால் நீங்கள் தவறாக நினைப்பீர்களோ என்றுதான் நானும் வாயைத் திறக்கவில்லை” என்றார். கொடுக்கும் மனமுடையோரும் கேட்கத் தயங்குவோரும் ஒரே தெருவில் வாழ்ந்தும் ஒரு சொல் இடையே எழவில்லை.

அன்று முதல் எங்கள் கணக்கேட்டில் கூலிக்கென ஒரு வரி உண்டு. அவரவர் உழைத்த மணிக்கேற்பப் பங்கு. விலை கேட்டுத் திரும்பிச் சென்றோரும் உண்டு. அதனைக் குறையாகக் கருதவில்லை. 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் செய்து விற்போரும் பதிவு பெற வேண்டும், அதனையும் பெற்றோம். அடகிலிருந்த வளையல்களுள் ஒன்று மீண்டுவிட்டது; மற்றொன்று இன்னும் மீளவில்லை.

தாய்மார்களே! அதிரசமாயினும் கேக்காயினும், தையலாயினும் கோலமாயினும், நம் கைத்திறனை நாமே இலவசம் என்று எழுதிவிட்டால் பிறர் அதற்கு விலை எழுதார். அன்பினால் கொடுப்பது வேறு. சொல்லத் தயங்கி இழப்பது வேறு. சனிக்கிழமைதோறும் மாலையில் நம் சங்கக் கூடத்தில் இக்கலையைக் கற்பிக்க அச்சகோதரி இசைந்துள்ளார். அவருக்குரிய ஊதியத்தைச் சங்கம் தரவேண்டும் என்பது தலைவர் அவர்களுக்கு எங்கள் பணிவான வேண்டுகோள். பயில வருவோர் ஒரு தராசும் ஒரு குறிப்பேடும் கொண்டு வருக.