வீடு யாருடைய பெயரில்?
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர்களை மேடையில் ஏற்றினால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார்கள். இன்று உங்களுக்கு அதிலிருந்து விடுதலை. எங்கள் மண்ணின் வரலாறு பற்றிக் கொஞ்சம் பேசுகிறோம்.

தொண்ணூறுகளில் இந்த வகுப்பறைகளில் இருந்த நாங்கள், மட்டக்களப்பின் அரசியல் வரலாற்றைக் கோட்டையை வைத்தே படித்தோம். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கட்டினார்கள். 1638இல் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கோட்டை கைமாறிய கதை இவ்வளவுதான். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயலும் வளவும் எப்படிக் கைமாறின? பரீட்சையில் அந்தக் கேள்வி வருவதில்லை.

இங்கே வழங்கியது முக்குவர் வழமை. ஒருவரின் முதுசம் அவருடைய பிள்ளைகளுக்கல்ல, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். குடி தாய்வழியில் வரும். கொடிகள் மாறியும் இது நிலைத்தது. 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ இதை நூலாக வெளியிட்டார். அதே 1876இல்தான் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வந்து, இந்த வழமையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏட்டில் ஏறிய ஆண்டே வழக்கிலிருந்து இறங்கிய ஆண்டு! யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்கு இன்றும் சட்ட மதிப்பு உண்டு. எங்களுடையது நூலகத்தில் இருக்கிறது.

ஆனால் சனங்கள் விடவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் இன்றும் மகளுக்குத்தான் வீடு கொடுக்கிறார்கள். இதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டோம். முதுசத்தை நிர்வகித்தவர்கள் பெரும்பாலும் தாய்மாமன்மார். மகளுக்கு வீடு கட்ட மத்திய கிழக்கில் உழைத்துத் தேய்ந்த தாய்மாருக்கு நாங்களே மருந்து எழுதுகிறோம்.

நவீன அரசு வந்தது. கல்லோயாவில் யார் குடியேற்றப்பட்டார்கள் என்று நாம் எழுபது வருடமாகப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தை மட்டும் யாரும் பேசவில்லை. அதன்படி, பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாத அரச காணிக்குப் பிள்ளைகளுள் மகனே முதல், மகள் பிறகு. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. மகளுக்கு வீடு கொடுக்கும் ஊரில் எண்பத்தேழு வருடம் அப்படி ஒரு சட்டம் இருந்தது.

2004 சுனாமியில் நாவலடியிலும் கல்லடியிலும் பெண்கள் இழந்தது தாய் கொடுத்த வீடு. பிறகு எழுந்த வீடுகளுக்கான படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. கரையோரக் கிராமங்களில் பலருக்கு அந்தக் கட்டத்தில் கணவரின் பெயர்தான் விழுந்தது.

விடுதிக்குக் காயத்தோடு வரும் பெண்ணிடம் "வீடு யாருடைய பேரில, தங்கச்சி?" என்று நாங்கள் கேட்கிறோம். அவளுடைய பேரில் என்றால், வெளியேற வேண்டியவள் அவளல்ல. எந்த மாத்திரையிலும் எங்களால் எழுதிக் கொடுக்க முடியாத பாதுகாப்பு அது.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மம்மாவின், அம்மாவின், உங்களுடைய வீட்டு உறுதிகளை எடுத்துப் பாருங்கள். பெயர் எந்தத் தலைமுறையில் மாறியிருக்கிறது, எந்தச் சட்டத்தின் கீழ் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரதிகளைச் சங்கத்திடம் தாருங்கள். உயர்தர வகுப்பில் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்காக நூலகத்தில் ஓர் அலுமாரி கேட்டிருக்கிறோம். அதிபர் அவர்கள் தலையசைத்திருக்கிறார்.