வில்வண்டியின் அழகு

சுசீந்திரத்து மார்கழித் தேரோட்டத்தைக் காணாத நாஞ்சில் நாட்டார் மிகச் சிலரே. மூன்று தேர்கள் வீதி வலம் வரும். அடிப்பீடம் நிறைய மரச்சிற்பம்; மேலே வண்ணச் சீலைகளும் தொங்கல்களும். அந்த ஆடம்பரம் தேருக்குத் தகும். அது இறைவனுக்கு உரியது. ஆண்டில் சில நாளே அசைவது. ஊர் கூடி இழுப்பது. ஆனால் அத்தேரைக் காண முன்னாளில் தேரூரிலிருந்தும் பூதப்பாண்டியிலிருந்தும் வந்தவர்களின் வில்வண்டியை இழுத்தவை இரண்டே காளைகள். அதில் சிற்பமும் இல்லை, தொங்கலும் இல்லை. ஆயினும் அது அழகாகத்தான் இருந்தது. அந்த அழகைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

வில்வண்டி கடையில் வாங்கும் பண்டம் அன்று, சொல்லிச் செய்விப்பது. உரியவர் மரம் சேர்த்து வைத்துக்கொண்டு ஆசாரியை அழைப்பார். ஆசாரி முதலில் கேட்பது, 'எத்தகைய அலங்காரம் வேண்டும்?' என்பதன்று. 'காளையின் உயரம் என்ன? ஏறிச் செல்பவர் யார்? வாய்க்கால் கரைப் பாதையா, கோட்டாற்றுச் சாலையா?' என்பவையே அவர் கேள்விகள். விடைகள் கிடைத்த பின்னரே உளி எழும்.

சக்கரத்தைப் பாருங்கள். நடுவே குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றைத் தாங்கும் வட்டைகள். குடத்திலும் வட்டையிலும் பொருந்தும் இடங்களில் ஆரக்காலுக்குத் தடிப்பு வேண்டும். நடுப்பகுதியில் அவ்வளவு தேவை இல்லை. ஆகவே அங்கே விளிம்பைச் சீவி மெலிவித்துவிடுவார் ஆசாரி. அந்த மெலிவையே நாம் அழகு என்கிறோம். அவரோ வேண்டாத பாரத்தைக் கழித்தார், அவ்வளவுதான். பிறகு, சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே சிறியதான இரும்புப் பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி விரியச் செய்து, சக்கரத்தின்மேல் ஏற்றி நீர் ஊற்றுவார்கள். இரும்பு குளிர்ந்து சுருங்கும்போது இணைப்புகள் யாவும் இறுகிவிடும். திறமை அனைத்தும் அந்த இறுக்கத்தில் ஒடுங்கி மறைந்துவிடுகிறது.

என் இளமையில் கண்ட ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு விளைச்சல் நன்றாக இருந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் புதுவண்டிக்குச் சொல்லியிருந்தார். முன்பலகை முழுவதும் பித்தளைத் தகடு பதிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கிழ ஆசாரி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, பதித்துவிடலாம். ஆனால் சுமக்கப் போகிறவை காளைகள் அல்லவா? அவற்றிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்றார்.

அது வேடிக்கைப் பேச்சன்று. இரட்டைச் சக்கர வண்டி அச்சின்மேல் நிற்கும் தராசு. முன்புறம் பாரம் மிகுந்தால் நுகம் காளையின் கழுத்தை அழுத்தும். பின்புறம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். ஒவ்வொரு பூவேலைக்கும் ஓர் எடை உண்டு; அதற்கு விலை கொடுப்பது வாயில்லா ஜீவன். பெரியவர் சிரித்துவிட்டார். நுகத்தின் இரு முனைகளிலும் சிறு பித்தளைப் பூண், காளைகளின் கழுத்தில் மணி, இவற்றோடு வேலை முடிந்தது. அந்த வண்டியில் குறை கண்டவர் எவரும் இல்லை.

கடல் கடந்த அமெரிக்காவிலும் இத்தகைய கலை ஒன்று உண்டு. 1940-களிலும் 1950-களிலும் கலிபோர்னியாவில் ஃபோர்டு, மெர்க்குரி முதலிய கார்களைத் தம் விருப்பப்படி மாற்றிக் கட்டிய கைவினைஞர்கள் இருந்தனர். ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்னும் சகோதரர்கள் அவர்களுள் பெயர் பெற்றவர்கள். தொழிற்சாலை பதித்த மினுமினுக்கும் சின்னங்களை நீக்கி, துளைகளையும் இணைப்புகளையும் ஈயத்தால் நிரப்பி இழைத்து, கூரையைத் தாழ்த்தி, உடல் முழுவதையும் ஒரே ஓட்டமான கோடாக்குவது அவர்கள் முறை. பின்னர் அங்கும் சேர்ப்பதே கலை என்னும் மோகம் வந்தது. ஆயினும் பழைய அடக்கமான வேலைப்பாட்டை ரசிப்பவர்கள் இன்றும் அங்கே உள்ளனர். இயந்திரத்திற்கு வலி தெரியாது. ஆகவே அங்கே அடக்கம் கண்ணின் ரசனையால் வந்தது. நம் வண்டியிலோ அது கருணையாலும் வந்தது. இதுவே நான் காணும் வேற்றுமை.

இன்று வில்வண்டி திருமண ஊர்வலத்திலும் திரைப்படத்திலும் காணும் பொருளாகிவிட்டது. காகிதப் பூவும் மின்விளக்கும் போர்த்தி அதை அழகுபடுத்துகிறார்கள். போர்வைக்கு உள்ளே இருக்கும் அழகைத்தான் யாரும் காண்பதில்லை. வண்டி போனதற்கு வருந்திப் பயனில்லை, காலம் மாறும். ஆனால் ஆசாரியின் கேள்வியையும் அதனோடு போகவிட வேண்டுமா? வீடு கட்டினாலும், விழா எடுத்தாலும், ஒன்றைக் கூட்டுமுன் 'இதைச் சுமக்கப் போவது யார்?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். விடை கிடைத்தால் எங்கே நிறுத்துவது என்பது தானே விளங்கும்.