ஆலுவாவிலிருந்து போடி வரை: மலைச் சைக்கிளுக்கு ஏற்ற டயர்



ஆலுவாவில் மார்த்தாண்டவர்மர் பாலத்தருகே விடியற்காலையில் சைக்கிளில் ஏறி அமரும் ஒருவர், பெரும்பாவூர், கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி வழியாக மூணாற்றை அடைந்து, பின்னர் தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு கடந்து போடிநாயக்கனூரில் இறங்குவாராயின், ஏறத்தாழ 175 கிலோமீட்டர் தொலைவைக் கடந்தவராவார். தேனி, கம்பம், போடிப் பக்கங்களிலிருந்து பிழைப்பின் பொருட்டு இங்கு வந்து குடியேறிய நம்மவருள் இளைஞர் சிலர், பஸ்ஸை விடுத்து இவ்வாறு இரண்டு நாட் பயணமாக ஊர் போய்ச் சேர விரும்புகின்றனர். அவர்கள் என்னிடம் முதலில் வினவுவது கியரைப் பற்றியும் வண்டியின் விலையைப் பற்றியுமே. டயரைப் பற்றிக் கேட்பவர் அரியர். ஆனால் வண்டி முழுவதிலும் தரையைத் தொடுவன இரண்டு டயர்களும் அவற்றில் உள்ளங்கையளவான இரண்டு இடங்களுமே அன்றோ?

வரைபடத்தில் இது ஒரே கோடு. சக்கரத்தின் கீழோ பலவகைத் தரைகள். கோதமங்கலம் வரை நல்ல தார்ச் சாலை. நேரியமங்கலத்திற்கு அப்பால் காட்டின் நிழலில் என்றும் ஈரம் காயாத ஏற்றம். மழைக்காலத்தில் சரிந்து வந்த செம்மண்ணும் சரளையும் சாலை ஓரத்தில் கிடக்கும். மூணாற்றுப் பக்கம் எஸ்டேட் வழிகளில் நுழைந்தால் கல் பாவிய பாதை. எலும்பு வரை அதிரும். போடிமெட்டிலிருந்து கீழே பதினேழு கொண்டையூசி வளைவுகள். அதன் பின் வெயில் காய்ந்த சமவெளி, முள்.

பழைய வழி வேறொன்று உண்டு. கோதமங்கலத்திலிருந்து தட்டேக்காடு, குட்டம்புழை, பூயம்குட்டி, மாங்குளம் வழியாக மூணாறு சென்ற அச்சாலையை 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அழித்துவிட்டது. கொல்லம் ஆண்டு 1099-இல் வந்தமையால், ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று மலையாளிகள் அதனை இன்றும் குறிப்பிடுவர். இன்றைய பாதைக்கு உயிர்நாடியான நேரியமங்கலம் பாலம் 1935-இல் திறக்கப்பட்டது. பழைய வழியின் உட்பகுதி காட்டிலாகாவின் கட்டுப்பாட்டிலுள்ள யானைக் காடு; எத்தகைய டயர் பூட்டியிருந்தாலும் அனுமதியின்றி அங்கு நுழைதல் தகாது. இதில் ஒரு விந்தை. நம் நாட்டில் வாணிப முறையில் ரப்பர் பயிரிடத் தொடங்கியது 1902-இல், இதே தட்டேக்காட்டில், பெரியாற்றங்கரையில்தான். டயரின் தாய்வீட்டு வழியாகத்தான் நாம் போகிறோம்!

இனி டயருக்கு வருவோம். மலைச் சைக்கிள் என்று கடையில் விற்கப்படும் வண்டிகளில் பெரும்பாலும் ‘பட்டன்’ எனப்படும் பெரிய ரப்பர்க் குமிழ்கள் உள்ள டயரே பூட்டப்பட்டிருக்கும். பார்வைக்கு வீரமாக இருக்கும். சேற்றிலும் இளகிய மண்ணிலும் அக்குமிழ்கள் பதிந்து பிடிப்பது மெய். ஆனால் தாரின்மீது அவை பதிய இடமில்லை. ஒவ்வொன்றும் வளைந்து நிமிர்வதில் மிதிப்பவரின் வலிமை வீணாகிறது. வண்டு ரீங்கரிப்பது போன்ற ஓசையே அதற்குச் சாட்சி. வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது ஓரக் குமிழ்கள் மடங்கிப் பிடிப்பும் குறையும். மழைத் தாருக்குப் பட்டன் வேண்டும் என்பது மோட்டார் வண்டியிலிருந்து இரவல் வாங்கிய எண்ணம். சைக்கிள் டயர் குறுகியது, வேகமும் குறைவு. அது தண்ணீரைக் கிழித்துத் தரையைத் தொட்டுவிடும். ஈரத்தில் வழுக்குவன சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடும், இரும்பு மூடியும், உதிர்ந்த இலையுமே. அவற்றில் எந்தப் பட்டனும் கைகொடுக்காது.

ஆகவே இவ்வழிக்கு நான் பரிந்துரைப்பது, நடுவில் ஏறக்குறைய வழவழப்பாகவும் ஓரங்களில் சிறு குமிழ்களோடும் அமைந்த டயர். அகலம் 2 அங்குலத்திற்குக் குறைய வேண்டாம். மெல்லிய டயரே விரைந்து ஓடும் என்று பலர் நம்புகின்றனர். ஒரே காற்றழுத்தத்தில் அகன்ற டயர்தான் எளிதாக உருளும் என்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. குறுகியது தரையில் நீளவாக்கில் நசுங்குகிறது, அகன்றது குறைவாக நசுங்குகிறது. 1970-களில் கலிபோர்னியாவின் மாரின் மலைச்சரிவுகளில் இவ்விளையாட்டைத் தொடங்கியவர்களும், 1930-களில் அமெரிக்கச் சிறுவர்களுக்காகச் செய்யப்பட்ட பழைய தடித்த டயர் வண்டிகளைத்தான் தேடி எடுத்து ஓட்டினர்.

காற்றின் அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பெரும்பாலோர் கெடுவது இதில்தான். கட்டைவிரலால் அழுத்தினால் கல் போலிருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். கல் போன்ற டயர் ஒவ்வொரு சரளைக்கும் துள்ளும். துள்ளும் போதெல்லாம் முன்செல்லும் ஆற்றல் மேல்நோக்கிப் போய்விடும், பிடிப்பும் விட்டுப்போகும். மிகத் தளர்ந்தாலோ கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரண்டு துளைகள் விழும். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர், பத்துக் கிலோ சுமையுடன், டியூப் உள்ள 2 அங்குல டயரில் செல்வாராயின், முன்னால் சதுர அங்குலத்திற்கு 35 பவுண்டும் பின்னால் 40 பவுண்டும் என்று தொடங்கலாம். பாரம் பின்சக்கரத்தில் மிகுதியாக விழுவதால் இந்த வேறுபாடு. எஸ்டேட் வழியில் இறங்குமுன் ஐந்து பவுண்டு குறைத்துக்கொள்ளலாம். பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் அளவு தாண்டலாகாத எல்லை. அதுவரை நிரப்பியே தீரவேண்டும் என்ற கட்டளையன்று.

அப்பக்கச்சுவரில் இன்னொரு எண்ணும் உண்டு: 50-559, 57-584, 57-622 என்பன போல. முதலெண் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இருபத்தாறு, இருபத்தேழரை, இருபத்தொன்பது என்று அங்குலக் கணக்குச் சொல்வதைவிட இவ்விரண்டாம் எண்ணை எழுதிவைத்துக் கொள்ளுதல் நலம். சென்ற ஆண்டுகளில் ஒரு பயணத்தில் என்னுடன் வந்த இளைஞரின் பின் டயர், அடிமாலிக்கு மேலே கூர்ங்கல் ஒன்றால் பக்கவாட்டில் கிழிந்தது. அவருடைய ரிம் 622. வழியிலிருந்த கடைகளில் கிடைத்ததோ வேறு அளவு. பழைய டயரில் ஒரு துண்டை வெட்டி உள்ளே வைத்து, காற்றைக் குறைத்து அடித்து, மூணாறு வரை மெல்ல வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து விரலளவு டயர்த் துண்டொன்று என் பையில் எப்போதும் இருக்கிறது. மடித்து வைக்கக்கூடிய டயராயின் இருவருக்கு ஒன்று எடுத்துச்செல்வது இன்னும் மேல்.

வால்வைப் பொறுத்தவரை, மோட்டார் வண்டிக்குள்ளது போன்ற தடித்த வால்வே வழிப்போக்கருக்கு உகந்தது; எந்த லாரிப் பட்டறையிலும் காற்று அடித்துக்கொள்ளலாம். டியூப் இல்லாத முறையும் இன்று பரவி வருகிறது. ரப்பர்ப் பால் கலந்த திரவம் சிறு துளைகளைத் தானே அடைத்துவிடும். நம் வெப்பத்தில் அது விரைவில் உலர்ந்துவிடுமாதலால் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக ஊற்றவேண்டும்.

இரண்டு டயர்களில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், புதியதை முன்சக்கரத்தில் போடுங்கள். பின் டயர் வழுக்கினால் வண்டி ஆடும், சமாளிக்கலாம். முன் டயர் வழுக்கினால் சமாளிக்க நேரமிராது. போடிமெட்டு இறக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் கீழே வருகிறீர்கள். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள வண்டியானால் ரிம் சூடேறி உட்காற்று விரியும். நடுவே இருமுறை நின்று, கையை அருகில் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்த்து, ஆறியபின் இறங்குங்கள். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அரைமணி நேரம் பெரிதன்று.

கீழே சமவெளியில் பகை மாறுகிறது. மேலே கல், இங்கே சீமைக் கருவேல முள். டயரின் உள்ளே காப்புப் பட்டை உள்ளதை வாங்குவோர் இங்குதான் அதன் அருமையை உணர்வர். எடை சற்றுக் கூடும், ஏற்றத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சாலை ஓரத்து மண்ணில் இறங்காதிருங்கள். பஞ்சர் ஆகிவிட்டால், புது டியூபை மாட்டுமுன் ஒரு துணியால் டயரின் உட்புறம் முழுவதும் துடையுங்கள். வெளியே ஒடிந்துபோன முள்ளின் நுனி உள்ளே நிற்குமானால் துணியின் நூல் அதில் சிக்கும்.