கூடு விட்டுக் கூடு பாய்தல்

(புளியங்கூடலில் நடைபெற்ற எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே இளைஞர் சார்பில் நிகழ்த்திய உரை)

 

தலைப்பைக் கேட்டதும் திருமூல நாயனாரின் வரலாறு உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். ஆயன் மூலன் இறந்து கிடக்க, அவன் மேய்த்த பசுக்கள் சூழ்ந்து நின்று கதறின. அவற்றின் துயர் தீர்க்க எண்ணிய சிவயோகியார் தம்முடலை ஓரிடத்திலே பாதுகாப்பாக வைத்துவிட்டு மூலனுடைய உடலிலே புகுந்தார் என்று பெரிய புராணம் கூறும். நாம் பேச வந்தது யோக சித்தியைப் பற்றியன்று. சங்கத்து மடிக்கணினியின் பழுதடைந்த வன்தட்டை, அதாவது ஹாட் டிஸ்க்கை அகற்றி, அதிலிருந்தவற்றை எஸ்.எஸ்.டி. என்னும் புதிய கூட்டிலே குடிபுகுத்திய கதையைச் சொல்லவே வந்தோம். கடையிலே கொடுத்துச் செய்விக்கும் சிறு வேலைக்கு ஒரு பேச்சா என்று சிலர் நினைக்கலாம். சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகின்றோம்.

அந்தக் கணினியிலே என்ன இருந்தது? பழைய ஆண்டு மலர்களின் படப்பிரதிகள் இருந்தன. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே தீவக மக்கள் வீடுவாசல்களை விட்டுப் புறப்பட்டபோது, சிலர் உடுபுடவையோடு சேர்த்துக் கொண்டுபோன திருவிழாப் படங்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, எமக்குத் தேவாரம் படிப்பித்துக் காலஞ்சென்ற ஆசிரியர் ஒருவரின் குரற்பதிவுகள் பதினொன்று இருந்தன. படங்களுக்கு வெளிநாட்டு உறவினரிடம் வேறு பிரதிகள் உண்டு. அந்தக் குரலுக்கு வேறு பிரதி இல்லை.

சென்ற ஆண்டு மாரி காலத்திலே கணினி திறப்பதற்குக் கால்மணி நேரம் எடுக்கத் தொடங்கிற்று. காதை வைத்துக் கேட்டால் உள்ளே 'டிக், டிக்' என்றொரு சத்தம். வன்தட்டினுள்ளே காந்தப்பூச்சுள்ள தட்டுக்கள் இருக்கின்றன. மடிக்கணினிகளிலே அவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 தடவை சுழலும். அவற்றை வாசிக்கும் முனை, தலைமயிரின் தடிப்பிலே ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லாத உயரத்திலே தட்டைத் தொடாமல் மிதக்கும். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு 50 தட்டுக்களும் ஒரு தொன்னுக்கு அண்மித்த பாரமும் கொண்டது. அதிலே அடங்கியவை ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துக்களே. பொறி இன்று கையளவாகிவிட்டது. ஆனால் சுழலும் பொருள் தேயும் என்னும் நியதி மாறவில்லை.

இவ்விடத்திலே எமது பிழையை ஒளியாமல் ஒப்புக்கொள்கின்றோம். சத்தம் கேட்டவுடன் பிரதி எடுக்காமல், தட்டைச் சோதித்துச் சீர்செய்யும் மென்பொருள்களை இரண்டு நாள் இரவுபகலாக ஓட விட்டோம். நெஞ்சு நோவென்று வந்தவரை ஓட்டப் பந்தயத்திலே விட்டதற்கு அது ஒப்பாகும். சோதனை முடியுமுன்னரே தட்டின் பல பகுதிகள் வாசிக்க முடியாதனவாயின.

நம் முன்னோர் இதைவிட நன்கு அறிந்திருந்தனர். சிறுப்பிட்டியிலே 1832இல் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராக விளங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார்கள். தொட்டாலே உதிரும் ஏடுகளின் நிலையை அதன் பதிப்புரையிலே மனம் வருந்தி எழுதினார்கள். உதிரும் ஏட்டுக்கு முதல் வைத்தியம் அதனைப் பெயர்த்தெழுதுவதே. வன்தட்டுக்கும் அதுவே முறை.

பின்னர் நண்பர் ஒருவரின் ஆலோசனைப்படி, புதிய எஸ்.எஸ்.டி.யை யூ.எஸ்.பி. இணைப்பு மூலம் வேறொரு கணினியிலே பொருத்தி, டிடிரெஸ்கியூ என்னும் இலவச மென்பொருளால் பெயர்த்தோம். அது நல்ல பகுதிகளை முதலிலே பெயர்த்துக்கொள்ளும். கெட்ட இடங்களைக் குறித்துவைத்துப் பின்னரே அவற்றுக்குத் திரும்பும். புதியதன் கொள்ளளவு பழையதற்குக் குறையாதிருத்தல் வேண்டும். 500 ஜி.பி. வன்தட்டை அப்படியே பெயர்க்க 480 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதாது. திருத்த வேலை எதுவாயினும் பிரதியின்மேலேயே செய்தல் வேண்டும், மூலத்தின்மேல் செய்தலாகாது.

பொருத்துவது கடினமன்று. கணினியை நிறுத்தி, மின்கம்பியையும் பற்றரியையும் கழற்றினோம். உடம்பிலுள்ள நிலைமின் நீங்க ஓர் உலோகப் பொருளைத் தொட்டுக்கொண்டோம். கடதாசியிலே கணினியின் அடிப்பாகத்தை வரைந்து, கழற்றிய ஸ்குறூ ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திலே வைத்தோம். பழைய வன்தட்டு 2.5 அங்குல வகை. அதே அளவான எஸ்.எஸ்.டி. அதன் சட்டத்திலே சரியாக அமர்ந்தது. புதிய கணினிகள் பலவற்றிலே எம்.2 என்னும் மெல்லிய பட்டை வகை இருப்பதால், வாங்குமுன் திறந்து பார்த்தல் நன்று.

கணினி அரை நிமிடத்துக்குள் திறந்தது. இளையோர் கைதட்டினர். நாம் முதலிலே தேடியது ஆசிரியரின் குரலை. பதினொரு பதிவுகளிலே பத்து முழுமையாகக் கேட்டன. ஒன்று பாடலின் நடுவிலே, ஒரு சொல்லின் பாதியிலே அறுந்தது. அதைக் கேட்டிருந்த ஆசிரியரின் துணைவியார் ஒன்றுஞ் சொல்லாமல் எழுந்து போனார்கள். அந்த இரண்டு நாட்களை நினைந்து இன்றும் வருந்துகின்றோம்.

இனிப் பயமில்லை என்று எவரும் எண்ணிவிடலாகாது. தோஷிபா நிறுவனத்திலே பணியாற்றிய புஜியோ மசுவோக்கா என்னும் யப்பானியப் பொறியியலாளரும் அவர்தம் குழுவினரும் 1987இல் உலகுக்கு அறிவித்த நினைவகமே இன்றைய எஸ்.எஸ்.டி.க்களின் உயிர்நிலை. அதிலே சுழலும் தட்டு இல்லை. நுண்ணிய அறைகளிலே மின்னேற்றமாகத் தகவல் தங்கும். ஆகவே விரைவும் அதிர்ச்சி தாங்கும் வன்மையும் அதற்கு உண்டு. ஆயினும் அது முன்னறிவிப்பின்றி ஒருநாள் ஓய்ந்துவிடலாம். 'டிக், டிக்' என்று எச்சரிப்பதற்கு அதனுள்ளே ஒன்றுமில்லை. மின்சாரமின்றிப் பல்லாண்டு அலுமாரியிலே கிடந்தால் மின்னேற்றம் கசிந்து தகவல் கெடவும் கூடும். தவறி அழித்தவற்றை மீட்பதும் வன்தட்டிலும் பார்க்கக் கடினம்.

திருமூலர் திரும்பிவந்து தேடியபோது அவர் வைத்துச் சென்ற உடல் அங்கே இருக்கவில்லை, இறைவன் மறைத்தருளினான். அதனால் உலகம் திருமந்திரத்தைப் பெற்றது. நமக்கு அத்தகைய பேறு இல்லை. நமது கூடு மறைந்தால் மறைந்ததுதான். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்திலே பிரதி இருந்த நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது. பிரதி இல்லாதவை போயே போயின. அந்தத் துயரை அறிந்த நம்மவர்கள் 2005இல் நூலகம் என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் மலர்களையும் மின்வடிவிலே சேர்த்து வருகின்றார்கள். நமது மலர்களும் அங்கே சேரவேண்டும்.

ஆதலால் மூன்று பிரதிகள் வைப்போம் என்று இளைஞர்களாகிய நாம் தீர்மானித்துள்ளோம். ஒன்று சங்கத்துக் கணினியிலே, ஒன்று தனியான வெளித்தட்டிலே, ஒன்று ஊருக்கு வெளியே கடல் கடந்து வாழும் உறவினரிடத்திலே இருக்கும். ஆண்டுக்கொருமுறை அம்பாள் திருவிழாவுக்கு முன் மூன்றையும் திறந்து சோதிப்போம்.

பெரியோர்களே! உங்கள் றங்குப்பெட்டிகளிலே படங்களும் கடிதங்களும் இருக்குமாயின் ஒரு நாள் எம்மிடம் தாருங்கள். பிரதி எடுத்து மாலைக்குள் உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். பழைய பாடல்களை அறிந்தவர்கள் எமக்காக ஒருமுறை பாடித் தாருங்கள். இம்முறை அன்றைக்கே பிரதி எடுப்போம்.

அம்பாள் அருள் பாலிப்பாளாக.