ஆரோக்கியமும் அண்டை வீட்டாரும்



ஒரு வட்டாரத்தில் வாழும் சாதாரண மக்களையே பயிற்றுவித்து, அவர்களை அவ்வட்டாரத்தின் சுகாதாரத் தலைவர்களாகவும், அதன் பொருட்டு அதிகாரிகள் முன் வாதாட வல்லவர்களாகவும் ஆக்குவது எப்படி என்று ஆராயவே நாம் இங்கே ஒஸ்லோவில் கூடியிருக்கிறோம்.

இது புலம்பெயர்ந்து வந்த நம் போன்றோருக்காக அண்மையில் வகுக்கப்பட்ட யோசனை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 1896ஆம் ஆண்டில், இந்நகரம் கிறிஸ்தியானியா என்று வழங்கிய நாளில், ஃபிரெட்ரிக்கே மரீ க்வாம் என்னும் அம்மையாரின் பெருமுயற்சியால் தோன்றிய நார்வேப் பெண்கள் சுகாதாரச் சங்கம், ஸ்வீடனோடு யுத்தம் மூளுமோ என்ற அச்சத்தில் இராணுவத்திற்கு மருத்துவ சாதனங்கள் திரட்டவே பிறந்தது. யுத்தம் வரவில்லை, க்ஷயரோகமோ முன்னமே வந்து வீடுதோறும் குடியிருந்தது. ஊர்தோறும் கிளை அமைத்திருந்த அப்பெண்கள், பெரும்பாலோர் மருத்துவக் கல்வியின் வாசனையே அறியாதவர்கள், கைவேலைப் பொருள்களை விற்றும், மே மாதத்தில் சின்னஞ்சிறு செயற்கைப் பூக்களை விற்றும் பொருள் சேர்த்து, நோயாளருக்கு இல்லங்கள் அமைத்ததோடு, நோய் பரவும் வழியையும் அதைத் தடுக்கும் வழியையும் தம் அயலாருக்குத் தம் சொற்களிலேயே எடுத்துரைத்தார்கள். எனினும் என் கருத்தை ஈர்ப்பது வேறொரு செய்தி. அதே அம்மையார் 1898இல் பெண்களுக்கு வாக்குரிமை கோரும் தேசியச் சங்கம் ஒன்றையும் நிறுவி, 1913இல் அவ்வுரிமை முழுமையாகக் கிட்டும் வரை ஓயாது உழைத்தார்; பாராளுமன்றத்துத் தாழ்வாரங்களின் அரசி என்றே அவருக்குப் பட்டப்பெயர் உண்டு. நோயாளிக்குக் கஞ்சி கொடுத்த கையே சட்டம் இயற்றுவோரின் கதவையும் தட்டிற்று என்பதை இன்று பயிற்சிப் பாடத்திட்டம் வகுப்போர் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். நம்மவர் பலர் குடியிருக்கும் குரோருட் பள்ளத்தாக்கில், ரோம்சோஸ், ஃபூருசெத் ஆகிய இரு பகுதிகளில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஆய்வு, 30 முதல் 59 வயது வரையுள்ள தெற்காசியப் பெண்களில் நூற்றுக்கு 27 பேருக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்றும், மேலைநாட்டுப் பெண்களில் அது நூற்றுக்கு மூவர் அளவே என்றும் கண்டது. இலங்கையர் உள்ளிட்ட ஐந்து குடியேறிய இனத்தாரிடையே ஒஸ்லோவில் நடந்த மற்றோர் ஆய்வு, வைட்டமின் டி குறைபாடு எவ்வளவு பரவலானது என்பதைக் காட்டிற்று. ரோம்சோஸில் 2000 முதல் மூன்றாண்டுகள், நடைக் குழுக்கள் முதலியவற்றை அமைத்து, அப்பகுதி மக்களையும் ஈடுபடுத்தி நடத்திய முயற்சியில், எடை ஏறியோரின் விகிதம், அம்முயற்சி நடவாத ஃபூருசெத்தைவிடக் குறைவாயிருந்தது.

ஆகவே செய்ய வேண்டுவது இன்னதென்பது தெரியாத விஷயமன்று. அதை யார், எங்கே, எந்தக் குரலில் சொல்வது என்பதே வினா. காலையில் புட்டும் மதியம் சோறும் இரவு இடியப்பமும் உண்ணும் குடும்பத்திற்கு, மாவுப்பொருளைக் குறைக்கவும் என்று மருத்துவர் சில நிமிஷங்களில் கூறிவிடுவார்; அதைத் தாய்க்கு மொழிபெயர்க்கும் பொறுப்பு பள்ளிப் பிள்ளையின் தலையில் விழுந்த காலமும் இருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம் பிள்ளைகளை அவ்வாறு பயன்படுத்துவதை விலக்கியது நல்ல காரியமே. ஆனால் தேர்ந்த மொழிபெயர்ப்பாளரும் மருத்துவர் சொன்னதைத்தான் சொல்வார். அம்மெருடிலுள்ள நம் தமிழ்க் கோயிலில் அன்னதானத்திற்குச் சோறு வடிக்கும் அம்மாவோ, எந்த வீட்டில் யார் இரவு வேலைக்குப் போகிறார், எவர் மாத்திரையை விரத நாளில் நிறுத்துகிறார் என்பதையெல்லாம் அறிவார். அவருக்குப் பயிற்சி கொடுங்கள் என்றால் எல்லோரும் தலையசைக்கிறார்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள் என்றால் அறையில் சற்று மௌனம் நிலவுகிறது.

நடவுங்கள் என்று உபதேசிப்பது எளிது. கண்ணாடிபோல் உறைந்த நடைபாதையில் ஜனவரி மாதம் அறுபது வயது மூதாட்டி எப்படி நடப்பார்? அப்பாதையில் காலந்தவறாது சரளைக்கல் தூவும்படியும், பெண்களுக்கென்று நீச்சற்குளத்தில் தனி நேரம் ஒதுக்கும்படியும் வட்டார நிர்வாகத்திடம் கேட்பது சுகாதாரப் பணி ஆகாதா? கொரோனாத் தொற்றின்போதும், கிழக்கு ஒஸ்லோவின் ஸ்தோவ்னர், அல்னா போன்ற வட்டாரங்கள் மிகுதியாக அல்லலுற்றபோது, அறிவிப்புகளைத் தாய்மொழியில் பரப்பும்படி அதிகாரிகள் குடியிருப்பாளர்களை வேண்டிக்கொண்டார்கள். பேருந்து ஓட்டுபவரும் துப்புரவுப் பணியாளரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க இயலாது என்று அக்குடியிருப்பாளர்கள் சொல்லக்கூடியதைக் கேட்கவும் அதே அவசரம் காட்டியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 2021ஆம் ஆண்டின் வசந்தத்தில் தொற்று மிகுந்த வட்டாரங்களுக்குக் கூடுதல் தடுப்பூசி அனுப்பியது, தாமதமாயினும், சரியான செயலே.

ஊதியத்தைப் பற்றிப் பேசுவது கௌரவக் குறைவு என்று நம்மவர் நினைப்பதுண்டு, நான் பேசுகிறேன். பெர்லின் நகரத்து நொய்க்கொல்ன் பகுதியில் 2004இல் தொடங்கிய, தாய்மாரையே பயிற்றுவித்து அயற்குடும்பங்களுக்கு வழிகாட்டச் செய்யும் வட்டாரத் தாய்மார் திட்டம் டென்மார்க்கிலும் பின்னர் ஒஸ்லோவிலும் பரவியது; பெர்லினில் அத்தாய்மார் உழைப்பிற்கு ஊதியம் உண்டு, இங்கே அது தொண்டு. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலர்களை நம்பியே நடக்கிறது. அவர்கள் மதிப்பூதியம் பெறுகிறார்கள்; ஆனால் திட்டத்தை வகுக்கும் மேசையில் அவர்களுக்கு ஆசனம் உண்டா என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள்தாம் சொல்ல வேண்டும். மஹாராஷ்டிரத்து ஜாம்கேடில் 1970 முதல் மருத்துவர்களான ஆரோலே தம்பதியர் எழுத்தறியாத கிராமப் பெண்களையும் சுகாதார ஊழியர்களாக உயர்த்திக் காட்டியிருக்கும்போது, படிப்புத் தகுதி இல்லை என்ற ஆட்சேபம் எடுபடாது.

எனவே பயிற்சிக்கு எத்தனை மணி நேரம், எந்தச் சான்றிதழ் என்ற விவாதத்திலேயே காலை முழுவதையும் செலவிடாமல், பயிற்சி பெற்றவர் கூறும் குறையை வட்டார நிர்வாகத்தில் யார் கேட்பது, எத்தனை நாளில் பதில் தருவது, அவருக்குக் கூலி யார் கொடுப்பது என்ற மூன்றையும் மதிய உணவிற்கு முன் தீர்மானமாக எழுதித் தருமாறு வேண்டி, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.